இழுத்துப் பார்க்கும் கூட்டம்

குளக்கரை வேலமரத்து நிழலில் உச்சிப்பொழுது ஆனால் போதும், ஒரே கலகலப்பு! கையும் வாயும் சும்மா இருக்காத ஒரு கூட்டம் அங்கே கூடிவிடும். இலைகளைச் சேர்த்துத் தைக்கும் தையல்சிட்டு குருவம்மா வருவாள். நூல் விடும் சிலந்தி சின்னாயி கிளையிலிருந்து இறங்குவாள். துணி துவைக்கிற துறையில் கிடக்கும் கந்தல்களைப் பொறுக்கி, இலவம்பஞ்சு அடைத்து மெத்தை தைக்கும் அணில் வேலப்பன் ஓடிவருவான்.

அவரவர் செய்துகொண்டிருக்கும் வேலையை அங்கே கொண்டுவர வேண்டும். முடிந்ததோ முடியவில்லையோ, கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் பாராட்டு. பிய்ந்தால் எல்லாரும் சேர்ந்து சரிசெய்வார்கள். அதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"ஐயோ, என் மெத்தை வாயைப் பிளந்துடுச்சே!" என்று கத்துவான் வேலப்பன்.

"நீ பஞ்சைத் திணிக்கிற திணிப்புக்கு அது வேற என்ன செய்யும்? கொண்டா இங்கே!" என்பாள் குருவம்மா. சின்னாயி நூல் கொடுப்பாள். பேச்சும் சிரிப்புமாக மெத்தையின் வாய் மூடிவிடும்.

தூக்கணாங்குருவி பொன்னரசும் அந்தக் கூட்டத்துக்கு வருவான். வருவான், ஆனால் வெறும் அலகோடு வருவான்! எல்லாருடைய வேலையையும் இழுப்பான். "இந்தத் தையல் கோணல். அந்த நூல் மெலிசு" என்று குறை வேறு சொல்வான். தன் கூட்டை மட்டும் காட்டவே மாட்டான். இப்படியும் ஒரு ஜென்மமா என்று கதை சொல்கிற எனக்கே எரிச்சல் வருகிறது!

"எங்கேப்பா உன் கூடு?" என்று கேட்டாள் குருவம்மா.

"முழுசா முடிச்சிட்டுத்தான் காட்டுவேன். பாதியிலே காட்டினா, ஆளாளுக்கு அதே மாதிரி கட்டிடுவீங்க!"

அது வாய்ப்பேச்சு. மனசுக்குள் இருந்தது வேறு. போன மழைக்காலத்தில் அவன் கட்டிய கூடு காற்றில் அறுந்து குளத்தில் விழுந்தது. அதற்குள் அவன் மனைவி செவ்வந்தி இட்ட முட்டைகள் இருந்தன. எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. கரையில் கூடியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை, பாவம்.

"இந்த வருஷம் கூடு தொங்குற மேல்முடிச்சை இழுத்துப் பார்ப்பேன். தாங்கலைன்னா வேற மரம் பார்த்துப் போயிடுவேன்" என்று செவ்வந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லி என்ன செய்ய? பெற்ற வயிறு அல்லவா!

அதனால் யாரும் பார்த்திராத கூடு ஒன்றைக் கட்ட நினைத்தான் பொன்னரசு. தன் தலையின் மஞ்சள் நிறத்துக்கு ஏற்ற பொன்னிறக் கூடு! பச்சைப் புல்லை விட்டுவிட்டு, களத்திலிருந்து காய்ந்த வைக்கோலாகக் கொண்டுவந்தான். எதிர்க்கரைப் பனைமரத்தில், ஓலை மறைவில், மற்றவர்கள் கண்விழிக்கும் முன்பே பின்னினான். விடியற்காலை ஈரத்தில் வைக்கோல் சொன்னபடி வளைந்தது. வெயில் ஏறியதும் வேலையை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

பாதிக் கூடு கட்டியதும் நிறுத்தி, துணையை அழைத்துக் காட்டுவதுதான் தூக்கணாங்குருவிகளின் முறை. பொன்னரசு அதற்குக்கூட நிற்கவில்லை. கீழே நீளும் வாசல் குழாய்வரை கட்டி மூடிவிட்டான்.

செவ்வந்தி வருவதாகச் சொன்ன நாள் வந்தது. அன்று உச்சிப்பொழுதில் வீசிய காற்று, சின்னாயியை நூலோடு தூக்கிக்கொண்டு போய் அந்தப் பனைமரத்தில் போட்டது. அவள் விழுந்தது நேராகப் பொன்னரசின் கூட்டின்மேல்! கால் வைத்த இடமெல்லாம் மொறுமொறுவென்றது.

"யார் அது? வேவு பார்க்க வந்தியா?" என்று பாய்ந்து வந்தான் பொன்னரசு.

"காத்து தள்ளிட்டு வந்ததுப்பா! வந்த இடத்திலே நல்லது சொல்றேன், கேளு. உன் மேல்முடிச்சு நொறுங்குது!"

"பொறாமை! சுத்தப் பொறாமை!" என்று அவளைக் கூட்டிலிருந்து தள்ளி, அவள் தொங்கிய நூலையும் வெடுக்கென்று அறுத்தான். சின்னாயி காற்றில் ஒதுங்கிக் கரையில் தொப்பென்று விழுந்தாள்.

"நான் போறேன். நீயே ஒரு இழு இழுத்துப் பார்" என்று சொல்லிவிட்டு அவள் நொண்டி நொண்டிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பொன்னரசு நெடுநேரம் கூட்டை முறைத்துப் பார்த்தான். பிறகு மேல்முடிச்சை மெல்ல இழுத்தான். படக்! ஒரு வைக்கோல் முறிந்தது. படக்! இன்னொன்று! இழுப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். கீழே குளம் கிடந்தது, போன வருஷம் கிடந்த அதே குளம்.

ஒரே பறப்பாக வேலமரத்துக்கு வந்தான். அப்போதுதான் சின்னாயியும் வந்து சேர்ந்திருந்தாள்.

"என் கூடு தாங்காது. எனக்குப் பயமா இருக்கு. வந்து பாருங்க!" என்றான். குரல் உடைந்துவிட்டது.

எல்லாரும் சின்னாயியைப் பார்த்தார்கள்.

"கீழே தள்ளினியே, நல்லா இருப்பியா நீ?" என்றாள் அவள்.

"தப்புதான், சின்னாயி. மன்னிச்சிடு."

"சரி சரி, அழாதே! ஒரு கால் நொண்டினா என்ன, பாக்கி ஏழு கால் இருக்கு. என்னைத் தூக்கிட்டுப் போ!"

பனைமரத்தில் கூட்டைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டவில்லை. குருவம்மா ஒரு வைக்கோலை முறித்துப் பார்த்தாள்.

"விடியல்லே மட்டும் பின்னினியா? ஈரத்திலே எதுவும் வளையும்பா! உச்சிவெயில்லே எங்ககிட்டே கொண்டுவந்திருந்தா, முதல் இழுப்பிலேயே தெரிஞ்சிருக்குமே!"

வாசல் குழாயைப் பிரித்தார்கள். கூடு விழாமல் பக்கத்து ஓலையோடு நூலால் கட்டிவிட்டு, மேல்முடிச்சை அவிழ்த்தார்கள். வேலப்பன் பச்சைக் கோரையைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தான். பொன்னரசு அதைப் பனையோலையில் சுற்றி முடிந்தான். குருவம்மா குத்தித் தைத்தாள். சின்னாயி தையலின்மேல் நூலைச் சுற்றி இறுக்கினாள். நல்ல வைக்கோலைக் கோரைக்கு நடுவே அழகுக்குச் செருகினார்கள்.

"பச்சையும் மஞ்சளுமா, என் ஒட்டுத்துணி மெத்தை மாதிரியே இருக்குடா!" என்று குதித்தான் வேலப்பன்.

வேலை பாதியில் நிற்கும்போதே செவ்வந்தி வந்துவிட்டாள். பொன்னரசு கூசிப்போனான்.

"இன்னும் முடியலை, செவ்வந்தி. பாதிதான் ஆகியிருக்கு..."

"பாதியா இருந்தாத்தானே உள்ளும் புறமும் தெரியும்! மூடிட்டா நான் எதைப் பார்க்கிறது?"

அவள் மேல்முடிச்சைக் கவ்விக்கொண்டு தொங்கினாள். உடம்பு முழுவதையும் உதறி இழுத்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூடு ஆடியது, குலுங்கியது. ஒரு இழைகூட விடவில்லை!

"இது யார் கைவேலை?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"எல்லார் கைவேலையும்தான்" என்றான் பொன்னரசு.

அவள் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள். "வாசலைக் கட்டு. நான் இங்கேதான் இருக்கப் போறேன்."

மழை வந்தது. பனையோலைகளையே முறித்துப் போடும் காற்றும் வந்தது. கூடு தொட்டிலாக ஆடியது, ஆனால் அறுந்து விழவில்லை. மழை ஓய்ந்த ஒரு காலையில் கூட்டுக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சின்னக் குரல்கள் கேட்டன. குளக்கரையே திரும்பிப் பார்த்தது!

அன்று உச்சிப்பொழுதில் பொன்னரசு வேலமரத்துக்கு வந்தான். இந்தத் தடவை அவன் அலகில் பாதி பின்னிய கோரை முடிச்சு ஒன்று இருந்தது. அதைக் கூட்டத்தின் நடுவே வைத்தான்.

"இழுங்க! நல்லா இழுங்க!" என்றான்.

குறையோடு இருக்கும் வேலையை நண்பர்களிடம் கூசாமல் காட்டுகிறவனுக்கே அது நிறைவாக முடியும்.