பாட்டு அறையின் கதவு

கடலோரத்து ஊர் ஒன்றில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை சிஸ்டர் மோட்சராக்கினி பிடித்தால் விடாதவர். அவரிடம் அகப்படுவதற்குச் சுறாவிடம் அகப்படலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிகள் ஓய்ந்துவிட்டன. சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசை வரை சாப்பாட்டுக்கும் செபத்துக்கும் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஊருக்குப் போக வழியில்லாத சில பிள்ளைகள் மட்டும் விடுதியில் இருந்தார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஜெசிந்தா டீச்சர் மூச்சுவாங்க வந்தார்.

"சிஸ்டர், நம்ம ஃபாதர் சந்தியாகு ஏழாம் வகுப்புப் பிரகாசியப் பாட்டு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவச் சாத்தினாரு. மத்தியான செபத்துக்குக் கோயில் மணி அடிச்சுது. சிலுவை போட்டுட்டு நிமிர்ந்தா இதப் பாக்கேன். பொறவு பிள்ள அழுதுகிட்டே ஓடிவந்தா."

சிஸ்டர் உடனே பிரகாசியை அழைத்துக் கேட்டார். அவள் தன் கால்விரலைப் பார்த்தபடி நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கும் இளம் குருவான சந்தியாகுவோ, "நான் அங்க போகவே இல்ல சிஸ்டர். சந்தேகப்படுற இடத்துல இருக்கவும் விரும்பல" என்றார். ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசியில் சொன்னதும், சத்தம் இல்லாமல் அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதாகப் பதில் வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று சிஸ்டரும் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் நண்பகல். பழக்கதோஷத்தில் சிஸ்டரின் கை சிலுவை போட நெற்றிக்குப் போனது. மணி ஒலிக்கவில்லை. விடுதிப் பக்கமிருந்து கட்டைச் சத்தம்தான் கேட்டது. உயர்த்திய கை அப்படியே நின்றது. நேற்று மட்டும் எந்த மணி அடித்தது?

கூப்பிட்டுக் கேட்டதும் ஜெசிந்தா டீச்சர் அழுதுவிட்டார். "பிள்ள அந்த ரூம்லருந்து அழுதுகிட்டு வந்தது சத்தியம் சிஸ்டர். ஃபாதர நான் பாக்கல. ஆனா போன மாசம் அவரப் பத்தி மனசுல பட்டதச் சொன்னப்போ நீங்க காதுல வாங்குனீங்களா? கண்ணால பாத்தேன்னு சொன்னாத்தான் அசைவீங்கன்னு நினைச்சேன்."

அந்தச் சொல் சிஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. வாசலில் சந்தியாகு பெட்டியோடு வண்டி ஏறிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

"சாட்சி பொய், ஃபாதர். அத எல்லார் முன்னாலயும் நானே சொல்லுவேன். ஆனா நீங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது. இங்க பிள்ளைங்க பக்கமும் வரக் கூடாது. வெளியாள் வந்து விசாரிக்கட்டும். அதுவரைக்கும் கோயிலோட பங்கு வீட்டுலயே இருங்க."

பிள்ளைக்காகப் பொய் சொன்னார் ஒருவர். பழியோடு இருக்க மறுத்துப் புறப்பட்டார் ஒருவர். பொய் என்று தெரிந்தும் சந்தேகத்தைக் கைவிடாமல் வழிமறித்தார் ஒருவர். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: சிஸ்டர் மோட்சராக்கினி செய்ததே சரி. சந்தியாகு குற்றமற்றவரானால், ஓசைப்படாமல் போய்விட்டார் என்ற பழி ஆயுளுக்கும் அவரைத் தொடரும். குற்றவாளியானால், இன்னொரு ஊரில் இன்னொரு பிரகாசி அகப்படுவாள். இரண்டுக்கும் மருந்து விசாரணைதான். ஜெசிந்தாவின் எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்தப் பொய் உண்மையான அழுகையையும் நம்பமுடியாததாக்கப் பார்த்தது. மணி அடிக்கவில்லை, சரி, பிள்ளை அழுதாளே. ஆனால் சிஸ்டரையும் முழுதாக மெச்சிவிட வேண்டாம். போன மாதமே காது கொடுத்திருந்தால் பொய்க்கே வேலை இருந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். அன்று மாலையே தச்சரை வரவழைத்துப் பாட்டு அறையின் கதவைக் கழற்றச் சொன்னார். பிறகு பிரகாசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.