எட்டுக் கொம்பு

"கேக்குதா? கண்ணு, கேக்குதா?"

அடைத்த கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. கட்டிலில் கிடந்த பொன்னுலிங்கம் கண்ணைத் திறக்கவில்லை.

"கேக்குதா... போச்சு. மறுபடியும் போச்சு."

அப்புறம் சத்தமே இல்லை. அந்த மௌனம்தான் அவரை எழுப்பியது.

அவருக்கு உப்புக் குடோனில் இரவுக் காவல். பகலெல்லாம் ஹாலில் தூக்கம். மனைவி சொர்ணம் பின்னறையில் உட்கார்ந்து, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் செல்போனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து பிள்ளைகள் படித்தார்கள். இப்போது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வகுப்பு. அதிலும் நெட் அறுந்தால் இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டாள்.

பொன்னுலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனார்.

*

அந்த ஆபீசை நடத்துகிறவள் அமலோற்பவம். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டாள் என்று தெருவில் அவளுக்குப் பெயர். ஆனாலும் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள்.

"தங்கச்சி, எந்த ரவுட்டர் வாங்கட்டும்?"

"இப்ப என்ன இருக்கு அண்ணாச்சி?"

"முதல்ல நீ தந்தது ரெண்டு கொம்பு. பின்னறைக்கு சிக்னல் எட்டலைன்னு நாலு கொம்பு வாங்கினேன். பிறகு ஆறு. இப்ப எட்டுக் கொம்பு வந்திருக்காம்லா."

"எட்டுக் கொம்பு வச்ச மாட்டை எங்க கட்டுவீங்க?"

"விளையாடாத. அவ பொழப்பு போகுது."

அமலோற்பவம் அவர் முகத்தைப் பார்த்தாள். வயர்ச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க."

*

ரவுட்டர் பூஜை அலமாரிக்குள் இருந்தது. கதவு முழுக்கப் பித்தளைத் தகடு. உள்ளே குத்துவிளக்குக்கும் செம்புக்கும் நடுவில், நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு, ஆறு கொம்பும் மடங்கி உட்கார்ந்திருந்தது.

"ஈசான மூலை. இங்க வச்சாதான் விருத்தியாகும்னு ஜோசியர் சொன்னார்."

"ஆச்சா?"

பொன்னுலிங்கம் அலமாரிக் கதவை மெல்லச் சாத்தப்போனார்.

"உள்ள தலையை விடுங்க அண்ணாச்சி."

"என்னது?"

"தலையை விட்டு, கதவைச் சாத்திக்கிட்டு மதினியைக் கூப்பிடுங்க. கத்தக் கூடாது. இப்ப என்கிட்ட பேசுற மாதிரி."

அவர் விட்டார். சாத்தினார்.

"ஏளா."

பின்னறையில் அசைவில்லை.

"ஏளா! கத்தினா கேக்கும் தங்கச்சி."

"அப்ப தொண்டையை மாத்திருவோம். எட்டுக் கொம்புத் தொண்டை."

அவர் தலையை வெளியே எடுத்தார். மூக்கில் விபூதி.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்து வைத்தாள். நடு ஹாலுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"இங்க வாங்க. இப்பக் கூப்பிடுங்க. 'ஏளா' வேண்டாம், பேரைச் சொல்லி."

அவர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. வாய்க்குள்ளேதான் சொன்னார்.

"சொர்ணம்."

பின்னறையிலிருந்து சொர்ணம் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களா?"

சொர்ணம் அவர் மூக்கைப் பார்த்தாள். முந்தானை நுனியால் விபூதியைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

பொன்னுலிங்கம் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் வைக்கணுமோ?"

அமலோற்பவம் வயரை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"பின்னறைக் கதவு திறந்தே கிடக்கணுமோ?"

வயர் பூஜை அலமாரியிலிருந்து தரையோடு ஊர்ந்து வந்தது.

"நான் தூங்கணும்லா. அதுக்காகத்தான் அவ கதவை அடைச்சுக்கிறா."

வயர் கட்டில் காலில் முட்டி நின்றது. அமலோற்பவமும் நின்றாள்.

ரொம்ப நேரம் நின்றாள்.

அவர் குனிந்து கட்டிலைப் பிடித்தார். கிறீச்சென்று இழுத்தார். நிற்காமல் இழுத்து, பூஜை அலமாரிக்குக் கொஞ்சம் தள்ளி, மூலையில் போட்டார். மூச்சு வாங்கியது.

"ஈசான மூலையில மனுஷன் படுக்கலாமா தங்கச்சி?"

"ஜோசியர்கிட்டக் கேளுங்க."

"எந்த ரவுட்டரை மாட்டட்டும்?"

"பரண்ல கிடக்குமே, ரெண்டு கொம்பு."

இறக்கித் தூசி தட்டி நடு ஹாலில் வைத்தார்கள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. சொர்ணம் அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். அமலோற்பவம் மிச்ச வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காப்பிக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

*

ஐந்து மணி.

பொன்னுலிங்கம் மூலையில் படுத்திருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

"கேக்குதா கண்ணு?"

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கேக்குது டீச்சர்." எங்கேயோ இருக்கும் பிள்ளையின் குரல் ஹால் வரை வந்தது. "இன்னிக்கு ஏன் டீச்சர் நீங்க கத்தல?"

சொர்ணம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் புதிதாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

சுவரோரம் சுளகில், சொர்ணம் பாதியில் விட்டுப்போன சின்ன வெங்காயம் கிடந்தது.

அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், உரிக்க ஆரம்பித்தார்.