பலகையில் ஒரு சிவப்பு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. வயது இருபத்தொன்பது. பெயர் யாசீன். ஒரு நகரத்தின் காவல் கட்டுப்பாட்டு அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவசர அழைப்புகளை எடுப்பது அவர் வேலை.

சீடர் பிலோமினா. குருவைவிடப் பத்து வயது மூத்தவர், வேலைக்குப் புதிது. பிலோமினா யாசீனை ‘சார்’ என்பார். யாசீன் பிலோமினாவை ‘அக்கா’ என்பார். பிலோமினாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் ‘சார்’ போய் ‘தம்பி’ வந்துவிடும்.

அறையின் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. எல்லோரும் அதைப் பலகை என்பார்கள். அழைப்பு வந்தால் பலகையில் ஒரு சிவப்பு வரி விழும். ரோந்து வண்டி போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னதும், அழைப்பை எடுத்தவர் ஒரு பொத்தானை அமுக்குவார். வரி பச்சையாகும்.

சேர்ந்த அன்றே பிலோமினா கேட்டார்.

“சார், ஒரு அழைப்பு எப்ப முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும்?”

“டீ ஆறுது அக்கா. குடிங்க.”



ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிலோமினாவின் ஹெட்போனில் ஒரு பெண் அழுதாள். பெயர் சுகந்தி என்றாள். தெருவையும் வீட்டு எண்ணையும் சொன்னாள்.

“குழந்தைய எங்கிட்டத் தரமாட்டேங்கிறாங்க. நாலு மாசம்தான் ஆகுது. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னேன், மாமியார் அவளத் தூக்கிட்டு உள் ரூமுக்குப் போயிட்டாங்க. பசிக்கு அழறா. கேட்டா இவரு அடிக்கிறாரு.”

பிலோமினா வண்டியை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ரோந்து வண்டியின் எஸ்.ஐ. தங்கதுரை மைக்கில் வந்தார்.

“கண்ட்ரோல், குடும்ப விவகாரம். ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி விட்டாச்சு. முடிச்சுக்கங்க.”

பிலோமினா பொத்தானை அமுக்கினார். ‘பேசி அனுப்பப்பட்டது’ என்ற வரி பச்சையாக ஏறியது. யாரிடம் பேசினார்கள், யாரை எங்கே அனுப்பினார்கள் என்று எழுத அதில் இடமில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து யாசீன் கேட்டார்.

“முடிஞ்சதுன்னு யாரு சொன்னாங்க அக்கா?”

“வண்டி சொல்லுச்சு சார்.”

“வண்டியா நம்மளக் கூப்பிட்டுச்சு?”

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பச்சை பச்சைதானே என்று அடுத்த அழைப்பை எடுத்தார்.

சுகந்தி மறுபடி லைனில் வந்தாள். குரல் ரகசியமாக இருந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“பாத்ரூம்லேர்ந்து பேசறேன். போலீஸ்காரங்க போனதும் கதவச் சாத்திட்டு அடிச்சாரு. போலீசுக்கா போன் போடுறேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. உதடு கிழிஞ்சிருச்சு. குழந்தை இன்னும் அவங்ககிட்டத்தான் இருக்கு.”

வண்டி மறுபடி போனது. தங்கதுரை மறுபடி மைக்கில் வந்தார். இந்த முறை குரலில் சலிப்பு.

“புருஷன் மன்னிப்பு கேட்டுட்டாரு. நல்ல குடும்பம்தான். அந்தப் பொண்ணுகிட்டயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு சொல்லிருக்கேன். முடிச்சுக்கங்க.”

பொத்தான்மேல் பிலோமினாவின் விரல் நின்றது. சுகந்தியின் எண்ணுக்குத் தானே போன் போட்டார். ஓர் ஆண் எடுத்தான்.

“யாரு? போலீசா? அவ தூங்குறா மேடம். சும்மா சும்மா தொந்தரவு பண்ணாதீங்க.”

பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பால் கிடைக்காத குழந்தையின் அழுகை. பிலோமினாவும் பிள்ளை பெற்றவர்; அவர் காதுக்கு அது தெரியும். லைன் கட்டானது.

பிலோமினா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

“என்ன தம்பி வேலை இது? அவன் அடிப்பான், இவங்க போய்ப் பேசுவாங்க, நான் பச்சையாக்கணும். பிஞ்சுக் குழந்தையப் பிடிச்சு வச்சுக்கிட்டுத் தாயை அடிக்கிறானே, அவனுக்குப் பேரு நல்ல குடும்பமா? அந்த எஸ்.ஐ. வீட்டுப் பொண்ணா இருந்தா அனுசரிச்சுப் போன்னு சொல்லுவாரா? நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?”

அறையே திரும்பிப் பார்த்தது. யாசீன் எழுந்து வந்து மைக்கை எடுத்தார்.

“தங்கதுரை சார், வண்டி எங்க இருக்கு?”

“முக்குக் கடையில. டீ சாப்பிடுறோம்.”

“டீயக் கையில எடுத்துக்கிட்டு அந்த வீட்டு வாசலுக்குப் போங்க சார். கேட்டுக்கு நேரா வண்டிய நிறுத்துங்க. மேல விளக்கு சுத்தட்டும். உங்ககூட ஒரு பெண் காவலர் நிக்க, மகளிர் ஸ்டேஷன்லேர்ந்து வர்றாங்க.”

“திரும்பவுமா? போய் என்னத்தப் பேசறது?”

“பேச வேண்டாம் சார். பேசித்தான் பாத்தாச்சே. கதவத் திறந்து வைக்கச் சொல்லுங்க. குழந்தை தாய் கையில இருக்கறதக் கண்ணால பாக்கற வரைக்கும் வண்டி நகரக் கூடாது.”

“யோவ், எனக்கு ஆர்டர் போட நீ யாரு?”

“நான் இல்ல சார். கண்ட்ரோல்.”

மைக்கை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். 

வண்டி நின்றது. விளக்கு சுற்றியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது என்று தங்கதுரை சொன்னார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியே போட்டுவிட்டாராம்.

அப்போது அறையின் ஆய்வாளர் வேகமாக உள்ளே வந்தார்.

“சாயங்காலம் பெரிய அய்யா ஆய்வுக்கு வர்றாரு. பலகையில ஒரு சிவப்பு இருக்கக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேன்ல? இது யாரோடது? ஒரு வண்டிய எவ்வளவு நேரமா ஒரே வீட்டுல கட்டிப் போட்டிருக்கீங்க?”

“என்னோடது அய்யா” என்று பிலோமினா எழுந்தார்.

“ரெண்டு தடவை பேசி விட்டாச்சுன்னு இருக்கே. முடிம்மா. உனக்கு இன்னும் பயிற்சிக் காலம். ஞாபகம் இருக்கட்டும்.”

பிலோமினா யாசீனைப் பார்த்தார். யாசீன் வேறொரு அழைப்பில் யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

 பிலோமினா ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

“அய்யா, ஒரு தடவை பச்சையாக்கினேன். அவ உதடு கிழிஞ்சுது. இன்னொரு தடவை ஆக்கச் சொல்றீங்க. இப்ப எது கிழியணும்?”

  “அய்யா வரட்டும், அவர்கிட்டயே சொல்லு இத” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார்.

கடைசியில் மைக் கரகரத்தது. தங்கதுரையின் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“கண்ட்ரோல், அந்தப் பொண்ணு குழந்தையோட வெளிய வந்துருச்சு. மாமியார்காரி கையிலேர்ந்து பெண் காவலர்தான் வாங்கிக் குடுத்தாங்க. அவங்க அக்கா வீட்டுக்குப் போகணும்னு சொல்லுது. நாங்களே கொண்டுபோய் விடுறோம். உதடு… ரெண்டு தையலாவது போடணும். அப்ப நான் சரியாப் பாக்கல.”

அறையில் யாரோ கைதட்டினார்கள். பிலோமினா முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். யாசீன் ஒரு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான்.

பிலோமினா கையை எடுத்துக்கொண்டார்.

யாசீனின் வேலை நேரம் முடிந்து அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைக்கும்போது சுகந்தி கூப்பிட்டாள்.

“அக்கா வீட்டுல இருக்கேன் மேடம். ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துட்டேன். பாப்பா பால் குடிச்சுட்டுத் தூங்குறா.”

“சாப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்ல.”

பிலோமினா ஒரு மூச்சு விட்டுக் கேட்டார்.

“சுகந்தி, இத முடிச்சுக்கலாமா?”

 தெருவில் ஒரு பைக் போகும் சத்தம் போனில் கேட்டது. அது கடந்து போகும்வரை சுகந்தி மூச்சே விடவில்லை.

“இப்ப வேண்டாம் மேடம்.”

பிலோமினா ஹெட்போனை இறக்கினார். பலகை முழுக்கப் பச்சை. நடுவில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு. வெளியே பெரிய அய்யாவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆய்வாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார்.

“சார், இது ஏன் சிவப்பா இருக்குன்னு அவர் கேட்டா என்ன சொல்லட்டும்?”

யாசீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. அந்தப் பொண்ணு நம்பரக் குடுங்க. முடிச்சுக்கலாமான்னு அவரே கேட்டுக்கட்டும்.”