ரத்த வங்கியில் ஒரு பச்சைக் கட்டம்

சேவியருக்குத் தூக்கம் போய் வாரக்கணக்காகிவிட்டது. ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவர் கவனித்துக்கொள்ளும் குளிர்பெட்டிகளில் சூடு ஏறினால் அவர் போன் அலறும். ஏறாவிட்டாலும் அலறும். சென்சார் வயர் கொஞ்சம் ஆடினால் போதும், அலறித் தொலைக்கும். அடித்துப் பிடித்து ஓடிப் பார்த்தால் பெட்டி ஜம்மென்று குளிர்ந்துகொண்டிருக்கும். மனுஷன் எத்தனை தடவைதான் ஓடுவார், பாவம்!

கண்காணிப்பு மென்பொருளுக்குச் சோதனை நிரல் எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நசீமா. வயதில் அவரைவிட இளையவள். அவருக்கு அவள் மேடம், அவளுக்கு அவர் அண்ணன்.

ஒரு மத்தியானம் லேப்டாப்பும் கையுமாக அவள் முன்னால் வந்து நின்றார்.

“மேடம், பெட்டிக்கு நானே புதுசா ஒரு சோதனை எழுதிட்டேன். நேத்துலேருந்து சத்தமே இல்லை. இதையே வச்சுக்கலாமா?”

நசீமா நிரலைப் படிக்கவில்லை. எழுந்து ரத்த வங்கிக்கு நடந்தாள். அவரும் லேப்டாப்போடு பின்னாலேயே போனார். அங்கே பெட்டியின் சென்சார் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“திரையைப் பாருங்கண்ணே.”

பார்த்தார். அந்தப் பெட்டிக்கான கட்டம், எல்லாம் சரி என்று பச்சையாக இருந்தது. காத்திருந்தார்கள். அப்போதும் பச்சைதான்.

சேவியர் பெட்டியை எட்டிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குள் ரத்தப் பைகள் வரிசையாக இருந்தன. சாயங்காலம் ஒரு பிரசவ ஆபரேஷன். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏற்றும் ரத்தத்தை அதிலிருந்துதான் எடுப்பார்கள்.

“சென்சார்லேருந்து அளவு வரலைன்னா பச்சைன்னு காட்டச் சொல்லி எழுதிட்டேன் மேடம்,” என்றார். “என்னால முடியலை. அதான்.”

“சரி. இப்ப பெட்டிக்குள்ள குளிர் சரியா இருக்கா?”

“இருக்கும்.”

“இருக்கா?”

சேவியர் கதவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தெரியாது மேடம்.”

“அதை எழுதுங்க.”

“பச்சையும் இல்லாம, சிவப்பும் இல்லாமயா?”

“தெரியாதுன்னே எழுதுங்க.”

“அதுக்கும் போன் அடிக்குமே!” அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்ப நான் என்னைக்குத்தான் தூங்குறது?”

நசீமா வயரைத் திரும்பச் செருகினாள். அவள் கண்ணும் தூக்கம் கெட்டுச் சிவந்துதான் கிடந்தது. அவரிடம் கையை நீட்டினாள்.

“அடிக்கும்ணே. போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போய்ப் படுங்க.”