டீச்சர் முதலையான நாள்

குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. திருச்சி பாலக்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தன் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேருக்கு எஸ்பெராண்டோ சொல்லிக்கொடுப்பாள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லா நாட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கிய மொழி அது. ஆறு வருஷமாக ஜெசிந்தாவுக்கு அதுதான் பைத்தியம். ஆனால் பாருங்கள், ஒரு வெளிநாட்டுக்காரரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து அதைப் பேச அவளுக்கு ஒருநாள்கூட வாய்க்கவில்லை.

சீடர் வைத்தியலிங்கம். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் ஒற்றுப்பிழைதான் அவர் கண்ணில் படும். எஸ்பெராண்டோவைப் புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்து முடித்துவிட்டு, அதன் பிறகுதான் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். எழுதினால் ஒரு பிழை இருக்காது. பேசச் சொன்னால் வாய் திறக்காது. வாக்கியத்தை மனசுக்குள் மூன்று முறை திருத்தி அவர் வெளியே விடுவதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார்.

"டீச்சர், ஸ்தோயன் வர்றார்!"

ஸ்தோயன் பல்கேரியாவில் சோபியா நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக எஸ்பெராண்டோவில் கடிதச் சிநேகம். போன ஐப்பசியில் வைத்தியலிங்கத்தின் மனைவி கமலவேணி இறந்துபோனபோது, வாராவாரம் ஒரு கடிதம் தவறாமல் வந்தது. அந்தக் கடிதங்கள் வராமல் இருந்திருந்தால் தான் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கவே வைத்தியலிங்கத்துக்குப் பயம். அதை ஒருமுறை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குத் தஞ்சாவூர்லேர்ந்து வந்து இறங்குறார். ரெண்டு மணிக்கு எர்ணாகுளம் வண்டி. முழுசா நாலு மணி நேரம் டீச்சர்!"

"அப்புறம் ஏன் சார் முகம் இப்படி இருக்கு?"

"அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கும் வராது. இத விட்டா வேற பாஷை இல்ல. நான் எங்க வாயத் திறக்கப்போறேன்? நீங்க கூட வந்து எனக்காகப் பேசணும்."

ஜெசிந்தா எழுந்தே நின்றுவிட்டாள்.

"நானா? வர்றேன் சார். லீவு போட்டுட்டு வர்றேன்!"

வைத்தியலிங்கம் இறங்கப் போனவர் திரும்பினார்.

"இன்னொண்ணு டீச்சர். வாத்தியார் இல்லாமலே இந்த மொழியக் கத்துக்கலாம்னு அந்தப் புத்தகத்து அட்டையில போட்டிருந்துது. நான் கத்துக்கிட்டேனா, இல்லியா?"

"வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள் ஜெசிந்தா.

வெள்ளிக்கிழமை அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே ஜங்ஷனுக்கு வந்துவிட்டாள். தோளில் பச்சை நட்சத்திர பேட்ஜ். எஸ்பெராண்டோக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். கையில் ஒரு காகிதம். ஸ்தோயனிடம் கேட்பதற்குப் பதினொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு அவற்றை முணுமுணுத்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை தோற்றுப்போகும்.

வைத்தியலிங்கத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டீச்சர், பேச்செல்லாம் நீங்க பாத்துக்குங்க. நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஜெசிந்தா நடப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவள் தோளிலிருந்த பேட்ஜைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். கேள்விக் காகிதத்தையும் மடித்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஏன் என்று கேட்பதற்கு வைத்தியலிங்கத்துக்கு நேரமில்லை. ஆறடிக்கு மேல் உயரமாக, தொப்பியில் பச்சை நட்சத்திரம் குத்திய ஒரு மனிதர் குதித்து இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சலூட்டோன்! வைத்தி! நண்பா!" என்று எஸ்பெராண்டோவில் வணக்கம் சொன்னார்.

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பரிதாபமாக டீச்சரைப் பார்த்தார்.

ஜெசிந்தா விருந்தாளிக்குக் கும்பிடு போட்டாள்.

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

தமிழில்!

வைத்தியலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்பெராண்டோக்காரர்கள் கூடிய இடத்தில் ஒருவர் நழுவித் தன் சொந்த மொழியில் பேசிவிட்டால் அவருக்கு முதலை என்று பெயர். எல்லா நாட்டிலும் அப்படித்தான். ஜெசிந்தாவின் வகுப்பில் அது இன்னும் கடுமை. தமிழில் ஒரு வாக்கியம் வந்துவிட்டால், அட்டையில் வெட்டிய முதலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார வேண்டும். ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்கூட மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"டீச்சர்! முதலை!" என்றார் வைத்தியலிங்கம் பதறிப்போய்.

"நான் கேட்டதை அவருக்குச் சொல்லுங்க சார். பாவம், முழிக்கிறாரு பாருங்க."

ஸ்தோயன் நிஜமாகவே முழித்துக்கொண்டிருந்தார். வந்த விருந்தாளியை இப்படியா நிற்க வைப்பது? வைத்தியலிங்கத்துக்குத் திருத்துவதற்கு அவகாசம் இல்லை.

"பயணம்... நல்லதாக... நீங்கள் வந்தது நல்லதா?" என்று எஸ்பெராண்டோவில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முழுக்கப் பிழை. பள்ளிப் பிள்ளைகூட இப்படிச் சொல்லாது.

ஸ்தோயன் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லது! மிக நல்லது! ஒரு அம்மா எனக்கு வடை கொடுத்தார். காரம்! அழுதேன்!"

வைத்தியலிங்கம் டீச்சரின் காதருகே குனிந்தார்.

"டீச்சர், அவரும் தப்பாப் பேசுறார்! ரெண்டு பிழை!"

"அப்படியா? எனக்கென்ன தெரியும்? என்ன சொன்னாருன்னு சொல்லுங்க."

சொன்னார். அதற்கு அவள் தமிழில் ஒன்று கேட்டாள். அதைக் கொண்டுபோய் ஸ்தோயனிடம் சேர்த்தார். ஸ்தோயன் பதில் சொன்னார். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து மெஸ்ஸில் இலை போடுவதற்குள் வைத்தியலிங்கம் டீச்சர் கேட்காத கேள்விகளையும் கேட்க ஆரம்பித்துவிட்டார். ரசத்தை எப்படிக் குடிப்பது, கறிவேப்பிலையை ஏன் ஒதுக்கக் கூடாது, டிராம் பனியில் சறுக்கினால் என்ன செய்வார்கள், எல்லாம் பேசினார்கள். வார்த்தை கிடைக்காதபோது கையால் வரைந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு வெட்கம் தோன்றவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

ஸ்தோயன் ஒரு நகைச்சுவை சொன்னார். அதைத் தமிழாக்க வைத்தியலிங்கம் திரும்பியபோது, ஜெசிந்தா ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினொரு கேள்வியும் அந்தக் கைப்பைக்குள் கிடக்கின்றன.

"டீச்சர், போதும். நீங்களும் பேசுங்க" என்றார்.

"மோர் ஊத்தட்டுமான்னு கேளுங்க சார். பரிமாறுற அண்ணன் ரொம்ப நேரமா நிக்கிறாரு."

மோர் வந்தது. அவள் அடுத்த கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"வாராவாரம் ஏன் எழுதினீங்கன்னு கேளுங்க."

வைத்தியலிங்கம் கேட்டார். ஸ்தோயன் இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"என் மனைவி போனபோது எனக்கு யாரும் எழுதவில்லை."

சட்டைப் பையில், நன்றி சொல்வதற்காக எழுதி மூன்று முறை திருத்திய நான்கு வரி இருந்தது. வைத்தியலிங்கம் அதை எடுக்கவில்லை. ரசம் ஒட்டிய கையோடு ஸ்தோயனின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். எத்தனை பிழை என்று அவருக்கே தெரியாது. ஸ்தோயன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு எர்ணாகுளம் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஸ்தோயன் படியில் ஏறி நின்று குனிந்தார்.

"வைத்தி, கடிதத்தில் நீ பேச வராது என்று எழுதியிருந்தாய். பொய்! யார் உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது?"

"இதோ, இவர்தான் என் ஆசிரியை."

ஸ்தோயன் ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெட்டியே அதிரும்படி சிரித்தார்.

"இவரா? இவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே!"

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வண்டி கிளம்ப இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் உண்மையச் சொல்லிடறேன். ரெண்டே ரெண்டு வார்த்தை நீங்களும் பேசிடுங்க. அவர் என்ன கேட்டார்னா..."

மொழிபெயர்க்க வந்தவர் பாதியில் நின்றார். அவளுக்கா சொல்ல வேண்டும்?

ஜெசிந்தா படியில் நின்ற மனிதரைக் கண் நிறையப் பார்த்தாள்.

"ஆமா, தெரியாதுன்னு சொல்லுங்க சார். வாத்தியார் இல்லாமலே கத்துக்கிட்டேன்னும் சொல்லுங்க" என்றாள்.