குப்பாண்டி நீர்நாய் டேப்லெட் வாங்கிய கதை

ஒரு நாள் காலை ஆற்று மடுவின் கரையில் பெரிய கூட்டம் கூடியது. நீர்நாய்கள், ஆமைகள், தவளைகள், கொக்குகள் எல்லாம் ஒரு பாறையைச் சுற்றி நின்றன. பாறைமேல் மைனா உட்கார்ந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குரங்குகள் புதிதாக ஏதாவது செய்தால், அதைக் காட்டுக்கு அறிவிப்பது மைனாவின் வேலை.

இந்த முறை குரங்குகள் ஒரு டேப்லெட் செய்திருப்பதாக மைனா சொன்னது. புரச இலை அளவு இருக்குமாம். தட்டையாக, பளபளவென்று இருக்குமாம். பொத்தான் ஒன்றுகூடக் கிடையாதாம். விரலால் தொட்டால் படம் வரும், பாட்டு வரும், தூரத்தில் இருப்பவர்களின் முகம்கூட வரும் என்றது. பௌர்ணமிக்குள் வந்து சேரும், வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றும் சொன்னது.

குப்பாண்டி என்ற நீர்நாய்க்கு இதில் நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. போன வருஷம் குரங்குகள் செய்த கைபேசியை அது ஆசையாக வாங்கியது. பொத்தான்கள் எறும்பு அளவு. குப்பாண்டியின் விரல்களோ சவ்வு ஒட்டியவை. ஒன்றை அழுத்தினால் மூன்று அழுந்தியது. நாலாம் நாள் கைபேசி தண்ணீரில் விழுந்தது. அதோடு சரி.

"கைபேசியைவிடப் பெரிது, காதில் வைத்துப் பேச முடியாது. கணினியைவிடச் சிறிது, உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. பிறகு எதற்கு அது? வெயிலுக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளவா?" என்று கேட்டது குப்பாண்டி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆமைக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது.

குப்பாண்டிக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. மறுநாளும் டேப்லெட்டைப் பற்றிப் புதிதாக ஒரு கேலி சொன்னது. அதற்கு மறுநாளும் சொன்னது. அதைக் கேட்கவென்றே தவளைகள் கரைக்கு வரத் தொடங்கின.

பத்து நாள் கழித்து மைனா மறுபடியும் வந்தது. பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை வாசிக்கப் போவதாகச் சொன்னது.

"வாசி, வாசி. நம் மடுவில் ஏமாளிகள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்வோம்" என்றது குப்பாண்டி.

மைனா வாசித்தது. முதலில் ஒரு கொக்கின் பெயர். அடுத்தது ஒரு மீன்கொத்தியின் பெயர். மூன்றாவது பெயர் பாவாயி.

பாவாயி குப்பாண்டியின் மனைவி.

இந்த முறையும் கூட்டம் சிரித்தது. பாவாயி ஊனமான பின்னங்காலை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கரையேறி வளைக்குள் போய்விட்டது. முன்பு ஒரு மழைக்காலத்தில் மீன்வலையில் சிக்கியதில் அந்தக் கால் வீணாகியிருந்தது.

குப்பாண்டிக்கு முதலில் கோபம் வந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டதே என்று முணுமுணுத்தது. சாயங்காலம் நல்ல கெண்டை மீனாகப் பிடித்துக்கொண்டு போனது. பாவாயி அதைத் தொடவே இல்லை. அப்போதுதான் குப்பாண்டிக்கு ஒன்று உறைத்தது. டேப்லெட்டைப் பற்றி ஊரெல்லாம் அத்தனை கேள்வி கேட்ட அது, தன் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, "அதில் நீ எதைப் பார்க்கப் போகிறாய்?" என்று மெதுவாகக் கேட்டது.

பாவாயி அதன் பக்கம் திரும்பிப் படுத்தது. பிறகு சொன்னது. "நம்ம சரசா குட்டி போட்டிருக்கு. அணைக்கு மேலே இருந்து வந்த நாரை சொல்லிட்டுப் போச்சு. குட்டிக்கு அப்படியே உங்க மூக்காம். இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கே அணையேறிப் போறது? முகத்தையாவது பார்க்கலாம்னுதான்."

சரசா அவர்களுடைய ஒரே மகள்.

மறுநாள் விடிந்ததும் அது மைனாவைத் தேடிப் போனது. இப்போதும் அதற்குச் சந்தேகங்கள் இருந்தன. ஆனால் யாரையும் சிரிக்க வைக்க அது கேட்கவில்லை. ஈர விரலால் தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்டது. செய்யாது, துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றது மைனா. தண்ணீரில் விழுந்தால்? கெட்டுவிடும். தூரத்தில் இருப்பவர் முகம் நிச்சயமாகத் தெரியுமா?

"தெரியும். ஆனால் அந்தப் பக்கமும் ஒரு டேப்லெட் இருக்க வேண்டும்" என்றது மைனா.

"இதை நீ யாரிடமும் சொல்லவில்லையே?"

"யாரும் கேட்கவில்லையே" என்றது மைனா.

சரசாவிடம் டேப்லெட் கிடையாது. குப்பாண்டி யோசித்தது. பிறகு, இன்னொன்று வேண்டும், என் பெயரையும் எழுதிக்கொள் என்றது.

செய்தி மடு முழுக்கப் பரவியது. குப்பாண்டியோடு சேர்ந்து சிரித்தவர்கள் இப்போது குப்பாண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். வெயில் அவ்வளவு கடுமையாகவா இருக்கிறது என்று ஆமை விசாரித்தது. குப்பாண்டி சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டது.

சொன்னபடியே பௌர்ணமிக்குள் டேப்லெட்டுகள் வந்தன. ஒன்றைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இலைகளில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு குப்பாண்டி புறப்பட்டது. நீந்தினால் நனைந்துவிடும். அதனால் கரையோரமாகவே நடந்தது. நீர்நாயின் குட்டைக் கால்கள் நடப்பதற்கானவை அல்ல. கல்லும் முள்ளும் குத்தின. அணையைச் சுற்றி மேலே ஏறி, நாலாம் நாள் மத்தியானம் மகளின் வளையை அடைந்தது.

சரசா ஓடிவந்து அப்பாவின் கழுத்தில் முகம் புதைத்தது. குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தது. நாரை சொன்னது உண்மைதான். அதே மூக்கு.

குப்பாண்டி விரலைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் பாவாயியின் மீசை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரு என்று குப்பாண்டி சொன்னதும் முழு முகமும் வந்தது. பாவாயி குட்டியைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. சரசா என்னென்னவோ கேட்டது.

கடைசியில் பாவாயி, "எல்லாம் தெரியுது. வாசம்தான் வரலை" என்றது.

நீர்நாய்களுக்குக் குட்டி என்றால் வாசம்தான். கண்ணை மூடிக்கொண்டே தன் குட்டியை அவை கண்டுபிடித்துவிடும்.

குப்பாண்டி அங்கே இரண்டு நாள் தங்கியது. பகல் முழுவதும் குட்டியைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு படுத்திருந்தது. கிளம்பும்போது சரசா, இப்போதுதான் முதுகில் சுமை இல்லையே, அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கினால் ஒரே நாளில் வீடு போய்ச் சேரலாமே என்றது. குப்பாண்டி தலையை மட்டும் ஆட்டியது. ஆனால் ஆற்றில் இறங்கவில்லை. வந்த வழியே, நாலு நாளும் நடந்தே போனது. வெயிலில் தோல் வறண்டது. பக்கத்திலேயே தண்ணீர் ஓடியது. குனிந்து வாய் வைத்துக் குடித்ததே தவிர, கழுத்தில் ஒரு சொட்டும் படவிடவில்லை.

வளை வாசலில் பாவாயி காத்திருந்தது. குப்பாண்டி அதன் முன்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டியது. புழுதியும் வியர்வையுமாக இருந்த அந்தக் கழுத்தில் பாவாயி மூக்கை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டது. வெகு நேரம் மூக்கை எடுக்கவே இல்லை.

புதிய பொருள் எதையும் சந்தேகித்துக் கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் அதை ஏளனம் செய்வதற்கு முன்னால், அதற்கு ஆசைப்படுகிறவரின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.