ஓடாத ஆமை

ஏரிக்கரை மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் பாடம் ஆமை. வெயில் ஏறியதும் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்குப் போக வேண்டும். அங்கே வெயில் காயும் ஆமைகள் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து, ஐம்புலனை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. ஆமைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

சங்கரபாண்டியன் மடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் தலைவி செண்பகத்தம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரும் மற்றவர்களைப் போல இவரை ஏட்டய்யா என்றே கூப்பிட்டார். மனுஷர் சாப்பாட்டுப் பந்தியில் மெதுவாக உப்புக் கேட்டாலே கூரையில் இருக்கும் புறாக்கள் பறந்துவிடும்.

மழைக்காலம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் வெயில் முகம் காட்டும். அந்த நேரம் முழுக்க ஏட்டய்யா பாறைக்கும் மடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

ஒரு நாள் மதியம் அம்மாளிடம் வந்து நின்றார். அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். மத்த ஆமையெல்லாம் என்னைக் கண்டா தண்ணியில விழுந்து ஓடிருது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓடாது. இருந்த இடத்துலேயே எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிடும். தொட்டாக்கூட அசையாது. அந்த அடக்கம் எனக்கு எப்பம்மா வரும்?"

அம்மாளின் கை நின்றது.

"தொட்டீங்களா?"

"கும்பிட்டுட்டுத்தான் தொட்டேன்."

"எத்தனை தடவை?"

"தினம் ஆறேழு தடவை. பத்து நாளா."

அம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார். ஏட்டய்யா பின்னாலேயே போனார். பாராட்டு கிடைக்கப்போகிறது என்று நினைத்தார், பாவம்.

பாறையை நெருங்கியதும் ஏழெட்டு ஆமைகள் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தன. ஒன்று மட்டும் தங்கியது. பெரிய காராமை. தலையும் காலும் உள்ளே போய்விட்டன.

"குனிஞ்சு மோந்து பாருங்க, ஏட்டய்யா."

குனிந்தார். அழுகல் நாற்றம். இத்தனை நாளும் பயபக்தியோடு தொட்டவர் இதை மோந்து பார்த்ததில்லை. ஓட்டின் விளிம்பு சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருந்தது.

"ஓடு அழுகுது. அந்த ஈரம் காயணும். கழுத்து, கால் எல்லாத்தையும் நீட்டி வெயில் வாங்கினாத்தான் உடம்புல சூடு ஏறும். சூடு ஏறினாத்தான் தின்னது செரிக்கும்."

"அப்ப ஏம்மா இது சுருட்டிக்கிட்டுக் கெடக்கு?"

அம்மாள் ஆமைக்கு ஒரு சாண் தள்ளி நின்ற ஏட்டய்யாவின் கால்களைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

"ஓட முடியலையா?" என்றார் ஏட்டய்யா.

"மத்ததுக்குத் தெம்பு இருக்கு. ஓடுது."

"பிழைச்சுக்கிடுமா?"

"இன்னைக்கு வெயில் கிடைச்சா பார்க்கலாம். மேற்க மேகம் கட்டுது. வாங்க."

ஐம்பது அடி தள்ளி ஒரு தாழம்புதர். இருவரும் அதன் மறைவில் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சின்ன ஆமை பாறையில் தொற்றி ஏறியது. அடுத்து இன்னொன்று. மெல்ல எல்லாம் திரும்பி வந்து, பின்னங்காலை வெயிலில் பரப்பிக்கொண்டு படுத்தன. பெரியது அப்படியே மூடிக்கிடந்தது.

ஏட்டய்யாவின் கெண்டைக்காலில் கட்டெறும்பு கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். இருமல் வந்தது, விழுங்கினார். மேகம் சூரியனைத் தொட இன்னும் ஒரு பனை உயரம்கூட இல்லை.

"செத்துருச்சோ?" என்று கிசுகிசுத்தார். "ஒரே ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துருதேன்."

"போய்ப் பார்த்தா தெரிஞ்சுரும். பார்த்ததாலேயே செத்தாலும் செத்துரும்."

எழப்போனவர் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் எத்தனையோ திருடர்களுக்காக ராத்திரி முழுக்கக் காத்துக்கிடந்தவர்தான். ஆனால் பயந்துகொண்டு காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

ஓட்டின் முன்பக்கம் ஏதோ அசைந்தது. ஒரு மூக்கு நுனி. கொஞ்சம் பொறுத்து ஒரு கண். பிறகு தோல் சுருங்கிய கழுத்து வெளியே வந்து, சூரியன் பக்கம் மெதுவாகத் திரும்பியது. முன்னங்கால் ஒன்று நடுங்கிக்கொண்டே நீண்டது.

"வந்துருச்சும்மா!"

ஏட்டய்யா எழுந்தே நின்றுவிட்டார். முப்பத்தைந்து வருஷ போலீஸ் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. பாறையிலிருந்த மற்ற அத்தனையும் தண்ணீரில் விழுந்தன. பெரியது மறுபடி மூடிக்கொண்டது.

அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவரை வதைத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பொத்தென்று தரையில் உட்கார்ந்து துண்டால் வாயை அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"அம்மா, நான் வீட்டுக்கு வந்து வாசல்ல பூட்ஸைக் கழட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டதுமே உள்ள ரேடியோவை அணைச்சிருவாங்க. பேசிக்கிட்டு இருந்த பிள்ளைங்க புஸ்தகத்துல முகத்தை வச்சுக்கிடும். எம்பொண்டாட்டி அடுப்படியை விட்டு வரமாட்டா. மூத்தவன் காலேஜ் முடிச்சதும் வெளியூர் போயிட்டான். மத்தவங்க அங்கேயே இருந்தாங்க. என் வீடு எவ்வளவு அடக்கமான வீடு தெரியுமான்னு ஸ்டேஷன்ல பெருமை பேசியிருக்கேம்மா."

செண்பகத்தம்மாள் மேற்கே பார்த்தார். மேகத்துக்கும் சூரியனுக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டிருந்தது.

"இன்னும் அரைமணி நேரம் வெயில் இருக்கு, ஏட்டய்யா," என்றார். "எந்திரிங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருவோம்."